பல்கலைக்கழக விவாத மன்றத்தில் என்னதான் நடக்கிறது? தமிழ்வழியில் படித்தவர் சேரலாமா?

கேள்வி இது: "செப்டம்பரில் இங்கிலாந்தில் பட்டப்படிப்பு சேரப்போகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்தாலும் டிபேட்டிங் சொசைட்டி என்று ஒன்று இருக்கிறது. அதில் என்னதான் செய்வார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவனுக்கு அது ஒத்துவருமா?"

ஒத்துவரும் தம்பி, தாராளமாகச் சேருங்கள். நான் அங்கே படித்தபோது பேச்சாளராக இருந்தேன், அப்புறம் பல வருடங்களாக நடுவராக உட்கார்ந்து வருகிறேன், அந்த அனுபவத்தில் என் கட்சி ஒன்றுதான்: பேசக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள், தீர்ப்புச் சொல்லக் கற்றுக்கொள்ளப் போங்கள். பேச்சு தானாகப் பின்னால் வரும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அங்கே விவாதம் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, பெரிய மண்டபத்தில் பிரபலங்களை அழைத்து நடத்தும் பொது விவாதம். யூடியூபில் நீங்கள் பார்ப்பதெல்லாம் அதுதான். இன்னொன்று, சாதாரண வகுப்பறைகளில் வாராவாரம் சாயங்காலம் நடக்கும் போட்டி விவாதப் பயிற்சி. இதை யாரும் படம் பிடிப்பதில்லை.

பொது விவாதத்துக்குப் பெயர்பெற்றவை கேம்பிரிட்ஜ் யூனியனும் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனும். முன்னது 1815இல் தொடங்கியது, பின்னது 1823இல். ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் பல்கலைக்கழகத்தின் ஒரு துறை என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. அது தனிச் சங்கம், தனிச் சந்தா. நாடாளுமன்றத்தைப் பார்த்து அப்படியே அமைத்த அரங்கம், எதிரெதிர் பெஞ்சுகள், கோட்டும் டையுமாகப் பேச்சாளர்கள். விவாதம் முடிந்து வெளியே போகும்போது எந்தக் கதவு வழியாகப் போகிறீர்களோ அதுதான் உங்கள் வாக்கு, ஆம் என்பவர்களுக்கு ஒன்று, இல்லை என்பவர்களுக்கு ஒன்று.

அங்கே நடந்த சில விவாதங்கள் வரலாற்றில் நின்றுவிட்டன. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து பத்தே நாள் ஆன நிலையில், 1933 பிப்ரவரி 9 அன்று, "மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் எந்தச் சூழ்நிலையிலும் இந்த அவை போரிடாது" என்ற தீர்மானம் ஆக்ஸ்ஃபோர்டில் 275க்கு 153 என்று நிறைவேறியது. நாடே கொந்தளித்தது. சர்ச்சில் கடுமையாகத் திட்டினார், அவருடைய மகன் ராண்டால்ஃப் ஆக்ஸ்ஃபோர்டுக்கே வந்து அந்தத் தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்னார். மாணவர்கள் அதை 750க்கு 138 என்று தோற்கடித்தார்கள். முதல் வாக்கெடுப்பை விட இந்த இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமைதிவாதத்தை ஏற்காதவர்களும், எடுத்த முடிவை வெளியிலிருந்து யாரோ வந்து அழிக்கச் சொன்னால் விடமாட்டோம் என்று எழுந்து நின்றதால்தான் அந்த எண்ணிக்கை அவ்வளவு பெரிதாக வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொன்று 1965 பிப்ரவரி 18, கேம்பிரிட்ஜ். அமெரிக்கக் கனவு என்பது கறுப்பின மக்களின் உழைப்பையும் உரிமையையும் பறித்துக் கட்டப்பட்டது என்ற பொருளில் தீர்மானம். ஆதரித்து எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், எதிர்த்து அமெரிக்க வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் பக்லி. 544க்கு 164 என்று பால்ட்வின் பக்கம் வென்றது, மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பதிவு கிடைக்கிறது, அவசியம் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இருவருக்கும் முன்னால், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு மாணவர்கள் பேசினார்கள். உலகப் புகழ்பெற்ற ஒருவருக்கு முன்னால் எழுந்து, அதே தீர்மானத்துக்குத் தன் பங்கைச் செய்துவிட்டு உட்காருவது சின்ன விஷயமில்லை. இன்றைக்கும் மாணவர்கள் பேசும் இடங்கள் இந்த மேடைகளில் உண்டு, ஆனால் அதற்கு உள்ளே வரிசை நீளம்.

நம்மவர்களும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1930களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் யூனியனுக்குத் தலைவராக இருந்தவர் மோகன் குமாரமங்கலம், பின்னாளில் இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்குத் துறை பார்த்தவர். 1959இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் தலைவர் லக்ஷ்மன் கதிர்காமர், பிற்பாடு இலங்கையின் வெளியுறவு அமைச்சரானார். அவருடைய அரசியலில் யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், 2005 மார்ச்சில் அவருடைய உருவப்படத்தை அந்த யூனியன் தன் சுவரில் மாட்டியது. அதே வருடம் ஆகஸ்டில் கொழும்பில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஆனால் இந்தப் பெருமையைக் கேட்டு மயங்கி முதல் வாரமே பெரிய சந்தா கட்டிவிடாதீர்கள். கிளாட்ஸ்டனிலிருந்து போரிஸ் ஜான்சன் வரை ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் தலைவராக இருந்த சிலர் பின்னால் பிரதமரானார்கள், அதனாலேயே அங்குள்ள தேர்தல்கள் பல நேரம் விவாதத்தையே விழுங்கிவிடுகின்றன. பெண்களை ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் முழு உறுப்பினராகச் சேர்த்ததே 1963இல்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட அரண்மனை எதுவும் கிடையாது, மாணவர் சங்கத்தின் கீழ் ஒரு சொசைட்டி, குறைந்த சந்தா, இரவல் வகுப்பறை, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது அந்த வகுப்பறைதான்.

இப்போது அதற்குள் வருவோம். வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ கூடுவார்கள். முதலில் சின்னதாக ஒரு பயிற்சி வகுப்பு இருக்கும், ஒரு வாரம் பொருளாதாரத் தலைப்புகளை எப்படி அணுகுவது, ஒரு வாரம் எதிரணி வாதத்தை எப்படி உடைப்பது என்று மூத்த மாணவர்கள் எடுப்பார்கள். அப்புறம் விவாதம். முறைக்குப் பெயர் பிரிட்டிஷ் பார்லிமென்டரி. நான்கு அணிகள், அணிக்கு இரண்டு பேர், மொத்தம் எட்டுப் பேர். இரண்டு அணிகள் தலைப்பை ஆதரிக்கும் அரசுப் பக்கம், இரண்டு அதை எதிர்க்கும் எதிர்க்கட்சிப் பக்கம். எந்தப் பக்கம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கலில் விழும். தலைப்பை அறிவித்த நேரத்திலிருந்து சரியாக 15 நிமிடம், இணையம் கிடையாது, உங்கள் ஜோடியைத் தவிர யாரிடமும் பேசக்கூடாது. அப்புறம் ஆளுக்கு ஏழு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பாதுகாக்கப்பட்டவை, நடுவில் இருக்கும் ஐந்து நிமிடத்தில் எதிர்ப்பக்கத்தார் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்கலாம், எடுப்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். ஆனால் ஒன்றைக்கூட எடுக்காமல் தப்பித்தால் நடுவர்கள் கவனிப்பார்கள்.

ஒரே பக்கத்தில் இரண்டு அணிகள் இருந்தாலும் அவர்கள் கூட்டாளிகள் இல்லை என்பதுதான் இந்த முறையின் சூட்சுமம். நான்கு அணிகளுக்கும் தனித்தனி இடம், முதலிடத்துக்கு 3 புள்ளி, அப்புறம் 2, 1, கடைசிக்கு 0. ஆகவே உங்களுக்கு முன்னால் பேசிய அதே பக்கத்து அணியை மறுக்கவும் கூடாது, அவர்கள் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் புள்ளி வராது. புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அதுவும் விவாதத்தின் போக்கை மாற்றுகிற அளவுக்குக் கனமானதாக.

ஓர் உதாரணம் சொன்னால்தான் புரியும். தலைப்பு: "உணவு டெலிவரி நிறுவனங்கள் தங்கள் ஓட்டுநர்களை முழு ஊழியர்களாக ஏற்க வேண்டும் என்று இந்த அவை சட்டம் இயற்றும்." முதல் அரசு அணி எழுந்து சட்டம் எப்படிச் செயல்படும் என்று வரையறுக்க வேண்டும்: குறைந்தபட்ச ஊதியம், விடுப்பு, விபத்துக் காப்பீடு, யார் கட்டுவது. அப்புறம் தனி ஓட்டுநருக்குப் பேரம் பேசும் பலமே கிடையாது, செயலி விலையைக் குறைத்தால் அவர் என்ன செய்வார் என்று வாதிடும். முதல் எதிரணி, பலருக்கு இந்த வேலையில் பிடித்ததே நேரச் சுதந்திரம்தான், ஊழியராக்கினால் ஷிஃப்ட் வரும், ஷிஃப்ட் வந்தால் ஆட்குறைப்பு வரும் என்று மறுக்கும். இதுவரை யாரும் எதிர்பார்ப்பதுதான். இரண்டாம் அரசு அணி இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி இருப்பதால்தான் ஓட்டுநர் சிக்னலைத் தாண்டுகிறார், அடிபடுவது அவர் மட்டுமில்லை, தெருவில் நடக்கிறவரும்தான், ஆகவே இது இரு தரப்புக்குள் நடக்கும் ஒப்பந்தமே இல்லை என்று கொண்டுவந்தால் அது நல்ல விரிவு, அதாவது முன்னால் பேசிய அணி சொல்லாத புது வாதம். இரண்டாம் எதிரணி, இந்த வேலையில் அடிமட்டத்தில் இருப்பவர் இன்னொருவரின் செயலிக் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டும் புலம்பெயர்ந்தவர், முழு ஊழியராக்கும் நாளில் ஆவணச் சோதனை வரும், முதலில் வேலை இழப்பவர் அவர்தான், அவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் சட்டமே அவரைத் தெருவில் விடும் என்று சொல்லலாம்.

இந்தத் தலைப்பில் ஒருவர் எழுந்து, "2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது" என்று சொல்கிறார். உண்மைதான். எதிரே ஒருவர், "2023 நவம்பரில் அதே நீதிமன்றம் உணவு டெலிவரி நிறுவனமான டெலிவரூவின் ஓட்டுநர்கள் வேலை உறவில் இல்லை என்றது" என்கிறார். அதுவும் உண்மை. இரண்டு பேருக்கும் அதனால் மட்டும் புள்ளி கிடைக்காது. டெலிவரூ வழக்கில் ஓட்டுநர் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்ற ஷரத்து முக்கியமாக இருந்தது, அந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் நிறுவனம் பொறுப்பிலிருந்து நழுவிவிட முடிகிறது, அதனால்தான் நீதிமன்றத்தை நம்பாமல் சட்டம் தேவை என்று மூன்றாவதாக ஒருவர் விளக்கினால் புள்ளி அவருக்கு. தகவலை வைத்திருப்பதும் அதிலிருந்து ஒரு காரணத்தை எடுத்துக் காட்டுவதும் வேறு வேறு வேலை. இந்த வித்தியாசத்தைப் பேச்சாளராக இருக்கும்போது உணர்வது கஷ்டம், தன் பேச்சு தனக்கு எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். நடுவராக உட்கார்ந்து எட்டுப் பேச்சையும் எழுதும்போது பளிச்சென்று தெரியும்.

அதனால்தான் நடுவர் வேலையை வற்புறுத்துகிறேன். எட்டுப் பேர் பேசி முடித்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நடுவர்கள் மூன்று பேர் பேசத் தொடங்குவார்கள், ஏறத்தாழ கால் மணி நேரம். விதி என்னவென்றால், நீங்கள் நன்றாகப் படித்த, நாட்டு நடப்பு தெரிந்த ஒரு சாதாரண வாக்காளர். பொருளாதாரத்தில் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாலும் அந்த அறையில் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும். ஒருவர் சொல்லாத வாதத்தை நீங்கள் மனதுக்குள் நிரப்பிக்கொள்ளக் கூடாது, உங்களுக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காகக் குறைக்கவும் கூடாது. எதிரணி பதில் சொல்லாமல் விட்ட வாதம், பலவீனமானதாக இருந்தாலும், நிற்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை எடைபோட வேண்டும். அப்புறம் எட்டுப் பேரையும் உள்ளே கூப்பிட்டு, யார் முதல், யார் கடைசி, ஏன் என்று தலைமை நடுவர் முகத்துக்கு நேரே விளக்க வேண்டும். தோற்றவர்கள் கையில் குறிப்புத்தாளோடு வந்து கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். இதை நாலு வாரம் செய்துபாருங்கள், செய்தித்தாள் படிக்கும் விதமே மாறிவிடும்.

நம் பட்டிமன்றத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் முதல் அதிர்ச்சி. பட்டிமன்ற நடுவர் நிகழ்ச்சியின் நாயகர், ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு கதை சொல்லி, கடைசியில் தன் கருத்தைத் தீர்ப்பாகச் சொல்வார், கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். அது வேறு கலை, எனக்கு மிகவும் பிடித்த கலை. ஆனால் போட்டி விவாதத்தில் நடுவர் தன் கருத்தைச் சொன்னால் தகுதி நீங்கும் என்கிற அளவுக்குத் தப்பு. எதுகை மோனைக்கும் கைதட்டலுக்கும் அங்கே புள்ளி இல்லை. வகுப்பில் முதல் பரிசு வாங்கிய பேச்சுப்போட்டி மாணவர்கள் அங்கே போய் மூன்று மாதம் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், கூச்ச சுபாவமுள்ள கணக்கு மாணவர்கள் முந்திப்போவதையும் பார்த்திருக்கிறேன்.

சரி, மொழி. உங்கள் உண்மையான கவலை அதுதான் என்று தெரிகிறது. உச்சரிப்புக்கு மதிப்பெண் கிடையாது, நடுவர் உச்சரிப்பைக் காரணம் காட்டிக் குறைத்தால் அது விதிமீறல், புகார் செய்யலாம், அதற்கென்றே ஒவ்வொரு போட்டியிலும் சமத்துவ அதிகாரிகள் இருப்பார்கள். உலகப் போட்டியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் அயல் மொழியாகவும் கற்றவர்களுக்குத் தனித்தனி இறுதிச்சுற்றுகள் உண்டு. இது காகிதத்தில் இருப்பது. நடைமுறையில் என்ன சிக்கல் என்றால் வேகம். கட்டணம் அதிகமான தனியார் பள்ளிகளில் பதின்மூன்று வயதிலிருந்தே விவாதம் பழகி வருகிறவர்கள் ஏழு நிமிடத்துக்குள் பத்து வாதத்தைக் கொட்டிவிட்டுப் போவார்கள், நீங்கள் மூன்றைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இதைப் பார்த்து அதே வேகத்துக்கு ஓட முயலாதீர்கள். மூன்று வாதம் போதும், இரண்டுகூடப் போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் உண்மை, ஏன் முக்கியம் என்ற இரண்டு கேள்விக்கும் அடிவரை பதில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல நடுவர்கள் பத்து அரைகுறை வாதத்தை விட இதைத்தான் மேலே வைப்பார்கள். வேகத்துக்கு மயங்கும் நடுவர்களும் இருக்கிறார்கள், மறைப்பானேன், அவர்களிடம் சில சுற்றுகள் தோற்பீர்கள்.

இன்னொன்று, தமிழ்வழியில் படித்தது உங்களுக்குச் சரக்கு. இட ஒதுக்கீடு, நீட், பாக் நீரிணையில் மீனவர் பிரச்சினை, மொழிக் கொள்கை, நதிநீர்ப் பங்கீடு, இவற்றைப் பற்றி நீங்கள் வீட்டிலும் டீக்கடையிலும் கேட்டு வளர்ந்தது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரப் பகிர்வு பற்றித் தலைப்பு வந்தால் அங்கிருப்பவர்கள் ஸ்காட்லாந்தைத் தாண்டி யோசிக்க மாட்டார்கள். ஆனால் "தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். கேட்பவருக்கு அது எண்ணாக மட்டுமே விழும். யாருக்கு, எதற்கு, அதனால் ஒரு வகுப்பறையில் என்ன மாறியது என்று இரண்டு வரியில் சொன்னால் வாதமாகும்.

போட்டிகளைப் பற்றி. சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கும். காலையில் ரயிலேறிப் போய், ஐந்து சுற்று பேசி, உள்ளூர் மாணவர் யாருடைய அறையிலாவது தரையில் படுத்து, மறுநாள் அரையிறுதி, இறுதி பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். அணிகளை அனுப்பும் சொசைட்டி அதற்கேற்ற எண்ணிக்கையில் நடுவர்களையும் அனுப்ப வேண்டும் என்பது விதி, அதனால் நடுவராகத் தயாராக இருப்பவரை எந்த சொசைட்டியும் கையோடு கூட்டிப்போகும், பெரும்பாலும் செலவையும் பார்த்துக்கொள்ளும். பேச்சாளர் இடத்துக்குத் தேர்வு நடக்கும், நடுவர் இடத்துக்கு ஆள் தேடுவார்கள். சுற்றுகளில் ஒரே புள்ளி எடுத்த அணிகளே மோதும்படி கணினி ஜோடி சேர்க்கும், கடைசிச் சுற்றுகளின் முடிவை ரகசியமாக வைத்து ராத்திரி மொத்தமாக அறிவிப்பார்கள், அந்த அறிவிப்பு நேரத்துப் படபடப்பு தேர்வு முடிவு வரும் காலைக்குச் சற்றும் குறையாது.

எல்லாவற்றுக்கும் மேலே உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி, 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கியது. வருடக் கடைசியிலும் புத்தாண்டிலுமாக நடக்கும், ஒன்பது முதற்கட்டச் சுற்றுகள். 2014இல் அது சென்னையில் நடந்தது, நம்மூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான அணிகள் வந்து போன அப்படியொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் நம் கல்லூரிகளில், அதிலும் சென்னைக்கு வெளியே, இந்த முறை பரவவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழிலேயே இதே விதிகளோடு நடத்தலாம், எந்தத் தடையும் இல்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் மாணவர்கள் அணி அணியாகப் பிரிந்து விவாதப் போட்டி நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சொசைட்டிக்குள் வேறு வேலைகளும் உண்டு. பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது, பள்ளி அளவில் போட்டி நடத்துவது, அரங்கம் பிடிப்பது, சாப்பாடு, பணம், விருந்தினர் பயணம். பொருளாளர் பதவியில் கற்றுக்கொள்வது அதிகம், யாரும் போட்டி போடாத பதவியும் அதுதான். பதவி ஆசையை முதல் வருடம் ஒதுக்கிவையுங்கள்.

நடைமுறையாகச் சில விஷயம். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ புதுமுக மாணவர் சந்தை நடக்கும், எல்லா சொசைட்டிகளும் மேஜை போட்டிருக்கும், அங்கே பெயர் கொடுங்கள். முதல் ஓரிரு கூட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள், பார்த்துவிட்டுப் பிறகு சந்தா கட்டலாம். போனதும் பயிற்சி பொறுப்பாளரிடம் "இந்த வாரம் பக்க நடுவராக உட்காரலாமா" என்று கேளுங்கள், தலைமை நடுவரோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்லும் துணை நடுவர் அது. பெரிய தாள் ஒன்றை எட்டாக மடித்து, கட்டத்துக்கு ஒரு பேச்சாளர் என்று எழுதுங்கள், வாதத்துக்கு ஒரு நிற மை, மறுப்புக்கு வேறு நிறம். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதாமல் காரணத்தை மட்டும் அம்புக்குறி போட்டு எழுதப் பழகுங்கள். எது விட்டுப்போனது, எதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைத் தாளே காட்டிக்கொடுக்கும். தலைமை நடுவர் உங்கள் வரிசையைக் கேட்பார். அவருடைய முடிவோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்றிக்கொள்ள அவசரப்படாதீர்கள், தாளைக் காட்டி வாதாடுங்கள். வாக்கெடுப்பில் உங்களைத் தோற்கடித்தாலும், அடுத்த வாரம் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.